பார்வையைத் திருப்பித் தராத ஒப்பரேஷன் எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் குளோக்கோமா என்ற கண் அழுத்த நோய் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு இத்தனை கடிதம் வருமென்று நினைக்கவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று: நான் வைத்தியர் இல்லை. கண் பிரிவில் முப்பத்தொரு வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்று, உப்புவெளியில் வீட்டோடு இருக்கிறேன். மருந்தைக் கூட்டவா, குறைக்கவா, நிறுத்தவா என்று கேட்டவர்கள் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு உங்கள் கண் வைத்திய நிபுணரிடம் போங்கள். மற்றக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு மகள்:

“அன்புள்ள மிஸி, அப்பாவுக்கு 67 வயது. வயல் செய்கிறவர். குளோக்கோமா என்று ஆறு கிழமைக்கு முன் வலக் கண்ணில் ஒப்பரேஷன் செய்தார்கள். பார்வை கூடவில்லை. முந்தியதைவிட மங்கல் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வெண்புரை ஒப்பரேஷன் செய்து மூன்றாம் நாள் ஊசியில் நூல் கோத்தார். அதைப் பார்த்துவிட்டு அப்பா, ‘என்னை ஏமாற்றிப்போட்டார்கள்’ என்று இடக் கண்ணுக்கு வரமாட்டேன் என்கிறார். என்ன சொல்லிக் கூட்டிப் போவது?”

மகள், உங்கள் வீட்டுப் பிரச்சினையே பெரியம்மாவின் ஊசிநூல்தான். எங்கள் ஊர்களில் கண் ஒப்பரேஷன் என்றால் அது வெண்புரைதான். மங்கிய லென்ஸை எடுத்துப் புது லென்ஸ் வைக்கிறார்கள், கட்டை அவிழ்த்ததும் பேரப்பிள்ளையின் முகம் தெரிகிறது. அந்தக் கணக்கோடு குளோக்கோமா ஒப்பரேஷனுக்குப் போகிறவர் ஏமாறத்தான் செய்வார். அப்பாவை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அவருக்கு யாரும் ஆறுதலாக இருந்து விளக்கியும் இருக்க மாட்டார்கள். இதில் எங்கள் பக்கத்துக் குற்றமும் உண்டு. வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, “ஐயா, கண் பிறஷரைக் குறைக்க ஒரு ஒப்பரேஷன், இதிலே ஒரு கையெழுத்து” என்று எத்தனை பேரிடம் நானே படிவத்தை நீட்டியிருப்பேன்!

அப்பாவிடம் வயலை வைத்தே பேசுங்கள். கண்ணுக்குள்ளே ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டிருக்கிறது. கண்ணீர் அல்ல, கண்ணீர் வெளிப்பக்கம். இது உள்ளே ஊறி, கண்மணி வழியாக முன்னால் வந்து, கருவிழியின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற ஒரு வடிகாலால் வெளியேறி இரத்தத்தோடு சேருகிறது. ஒரு நாள் முழுக்க ஊறுவதைச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிரம்பாது. ஆனால் அந்தச் சிறு நீருக்கும் வரவும் போக்கும் சரியாக இருக்க வேண்டும். வாய்க்காலில் நீர் வந்துகொண்டே இருக்க, வக்கடை தூர்ந்துபோனால் வயலில் என்ன நடக்கும்? நீர் கட்டி நின்று பயிர் அழுகும். கண்ணிலும் அதுதான். அழுத்தம் வழக்கமாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரை இருக்கும். அது ஏறினால் கண்ணின் பின்பக்கத்து நரம்பு நசியும். அந்த நரம்பில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். ஒவ்வொன்றாகச் சாகும்போது வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றும் தெரியாது. சிலருக்கு 21க்குக் கீழே இருக்கும்போதே நரம்பு கெடுகிறது. ஆகவேதான் வைத்தியர் பிறஷரை மட்டும் பார்க்காமல் நரம்பையும் உற்று உற்றுப் பார்க்கிறார்.

இனி உங்கள் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அழுகின வயலில் நீரை வடியவிட்டால் செத்த பயிர் எழும்புமா? எழும்பாது. நிற்கிற பயிர் தப்பும். அவருடைய வலக் கண்ணில் செய்தது அதுதான்.

அந்த ஒப்பரேஷனுக்கு ட்ரபெக்கியூலெக்டமி என்று பெயர். வாயில் நுழையாது என்று வாட்டில் நாங்கள் ‘ட்ராப்’ என்றே சொல்வோம். கண்ணை மட்டும் விறைக்கச் செய்து, மேல் இமைக்குக் கீழே, வெள்ளை விழியில் கதவு போல ஒரு சின்ன மடலை வெட்டித் தூக்குவார்கள். அந்த மடலுக்கு அடியில் ஒரு துளை. பிறகு மடலைத் திரும்ப மூடி, இறுக்காமல் அளவாகத் தையல் போடுவார்கள். உள்ளே இருக்கும் நீர் மடலின் ஓரத்தால் கசிந்து, மேல் தோலுக்குக் கீழே ஒரு சிறு கொப்புளமாய்த் தேங்கி, மெதுவாக உறிஞ்சப்படும். அப்பாவின் மேல் இமையை மெல்லத் தூக்கிப் பார்த்தால் அந்தக் கொப்புளம் தெரியும். அது நோய் இல்லை, அதுதான் புது வக்கடை. கையால் மட்டும் தொடாதீர்கள்.

மடல் எதற்கு, வெறும் துளை போதாதா என்று முன்பு ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தக் காலத்தில் வெறும் துளைதான் போட்டார்கள். நீர் ஒரேயடியாக வெளியேறி, கண் காற்றுப்போன பந்து மாதிரி ஆகிவிடும். 1968 இல் கேம்பிரிட்ஜில் கெயர்ன்ஸ் என்ற வைத்தியர் எழுதிய முறைக்குப் பிறகுதான் இந்த மடல் வழக்கத்துக்கு வந்தது. 1986 இல் கந்தளாய்க் குளம் உடைத்ததை உங்கள் அப்பா மறந்திருக்க மாட்டார். குளம் உடைப்பதற்கும் மதகைத் திறப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு நானா சொல்ல வேண்டும்?

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மற்ற எல்லா ஒப்பரேஷனிலும் காயம் கெதியாக ஆற வேண்டும் என்று நேர்த்தி வைப்போம். இதில் காயம் முழுதாக ஆறிவிட்டால் ஒப்பரேஷன் தோல்வி. உடம்பு அந்தத் துளையை ஒரு புண் என்று நினைத்து அடைக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஒப்பரேஷன் மேசையிலேயே மைற்றோமைசின் என்ற மருந்தைப் பஞ்சில் தோய்த்துச் சில நிமிடம் வைப்பார்கள். அது புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்துதான். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, “எங்கட அப்பாவுக்குக் கான்சரா?” என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இல்லை. தழும்பு கட்டாமல் இருக்கத்தான்.

ஆறு கிழமையில் மங்கல் இருப்பது வழமை. தையல் கண்ணின் வளைவைக் கொஞ்சம் மாற்றும், பழைய கண்ணாடி பொருந்தாது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கண்ணாடிக்குப் பார்ப்பார்கள். இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு வெண்புரை சீக்கிரம் முற்றுவதும் உண்டு, அதைப் பின்னர் எடுக்கலாம். முதல் இரண்டு மாதத்துக்கு அடிக்கடி வரச் சொல்வதைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். தையலை எப்போது தளர்த்துவது, எவ்வளவு தளர்த்துவது என்பதில்தான் இந்த ஒப்பரேஷனின் பாதி வெற்றி. “வயலில் அறுவடை, அடுத்த கிழமை வாறன்” என்று நின்றவர்களின் துளை அடைபட்டுப்போனதைக் கண்டிருக்கிறேன்.

என் சொந்தக் கதையையும் சொல்கிறேன், வெட்கம்தான். என் அண்ணாவுக்குக் கண் கடி. ஒரு மருந்துக்கடையில் சிட்டை இல்லாமலே ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் சிவப்புப் போய்விட்டது. நல்ல மருந்து என்று மாதம் ஒன்று வாங்கி ஏறக்குறைய இரண்டு வருடம் விட்டார். அது ஸ்டீரொயிட். சிலருடைய கண்ணில் அது பிறஷரை ஏற்றும். ஒருநாள் திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலடியில் சைக்கிளோடு போய் ஒரு மானில் மோதிவிட்டு வந்தார். “இடப்பக்கத்தால் பாய்ந்துபோட்டுது” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், நானும்தான். கோட்டையடி மான்கள் ஆளைக் கண்டு பாய்கிற மான்களா? அது அங்கே நின்றுகொண்டிருந்திருக்கும். பிறகு தேத்தண்ணீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார், நிலைப்படியில் தோளை இடித்தார். கண் வாட்டில் வேலை செய்யும் தங்கச்சிக்கு உறைக்கவில்லை. கடைசியில் நான் கூட்டிப் போனபோது பிறஷர் 38. இடக் கண் ஏறக்குறைய முடிந்திருந்தது. வலக் கண்ணில் ட்ராப் செய்தோம். பதினொரு வருடமாக 12, 13 என்று நிற்கிறது. பார்வை அன்று இருந்ததுதான், ஒரு துளி கூடவில்லை. ஒரு துளி குறையவும் இல்லை. தினமும் பேப்பர் படிக்கிறார். சைக்கிளை மட்டும் விட்டுவிட்டார்.

இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு இப்போது விடும் ஸ்டீரொயிட் சொட்டை நிறுத்திவிடாதீர்கள்! ஒப்பரேஷனுக்குப் பிறகு அது தேவை, தழும்பைக் குறைக்கத்தான் தந்திருக்கிறார்கள். வைத்தியரைக் கேட்காமல் வருடக்கணக்கில் விடுவது வேறு.

இடக் கண்ணுக்கு அப்பாவை இணங்க வைக்க என்னிடம் ஒரு வழி உண்டு. வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தி, சுற்றுப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற பரிசோதனையின் தாள்கள் கிளினிக்கில் இருக்கும். அடுத்த முறை போகும்போது, இரண்டு கண்ணின் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். கறுப்பாக இருப்பது பார்வை போன இடம், வெளிறியிருப்பது பார்வை இருக்கிற இடம். இடக் கண்ணில் எவ்வளவு வெள்ளை மிச்சம் என்று அப்பா தன் கண்ணாலேயே பார்க்கட்டும். வரமாட்டேன் என்று அடம்பிடித்த பலர் அந்தத் தாளைப் பார்த்த பிறகு, “எப்ப வரவேணும்?” என்று கேட்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஒப்பரேஷன் செய்த கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளி, பார்வை திடீரென்று மங்கினால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். பத்து வருடம் கழித்து நடந்தாலும் சரி, அந்தக் கொப்புளத்தால் கிருமி உள்ளே போகலாம். அன்றைக்கே வைத்தியசாலை. அத்தோடு, நீங்களும் உங்கள் சகோதரர்களும் அத்தைமாரும் சித்தப்பாமாரும் கண்ணைக் காட்டிவிடுங்கள். இது குடும்பத்தில் ஓடுகிற நோய்.

மூதூரிலிருந்து ஒரு கடற்றொழிலாளி:

“எனக்கு 48. நாலு வருடத்துக்கு முன் ஒரு ஒப்பரேஷன் செய்து நல்லாக இருந்தது. இப்போது திரும்பவும் பிறஷர் 32. இனிக் குழாய் வைக்க வேண்டும் என்கிறார்கள். குழாய் வெளியே தெரியுமா? கடலுக்குப் போகலாமா?”

தம்பி, குழாய் என்றதும் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பயந்துவிட்டீர்கள் போல. இது சிலிக்கன் குழாய், ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை. அதன் ஒரு முனை கண்ணின் முன்பகுதிக்குள் இருக்கும். மறுமுனையில் ஒரு சிறு தட்டு, அதை மேல் இமைக்குப் பின்னால் ஆழத்தில் தைத்துவிடுவார்கள். கண்ணாடிக்கு முன் நின்று தேடினாலும் தெரியாது. முதல் துளை தழும்பு கட்டி அடைபட்டதால், தழும்புக்கு எட்டாத தூரத்துக்கு நீரைக் கொண்டுபோய் விடுகிறார்கள். அவ்வளவுதான்.

குழாயில் இரண்டு இனம். வால்வு உள்ளது முதல் நாளிலிருந்தே வேலை செய்யும். வால்வு இல்லாததை ஒரு நூலால் கட்டி விடுவார்கள். அந்த நூல் ஐந்து ஆறு கிழமையில் கரைந்த பிறகுதான் நீர் ஓடத் தொடங்கும். உங்களுக்கு வைப்பது எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இனம் என்றால், “ஒப்பரேஷன் செய்தும் பிறஷர் இறங்கவில்லையே” என்று முதல் மாதம் மனம் சோர வேண்டாம், பழைய சொட்டுகளையும் தொடர்ந்து விட வேண்டும். வால்வு இல்லாத குழாயை மதுரையில் அரவிந்த் கண் வைத்தியசாலையோடு சேர்ந்த ஆரோலாப் குறைந்த விலைக்குச் செய்கிறது. குழாய் தோலை அரித்து வெளியே வராமல் இருக்க மேலே ஒரு சிறு ஒட்டுப் போடுவார்கள். பல இடங்களில் அது தானமாகக் கிடைத்த கண்ணிலிருந்து எடுத்த துண்டாக இருக்கும். நம் நாட்டில் ஹட்சன் சில்வா என்ற வைத்தியர் 1961 இல் தொடங்கிய கண் தான சங்கம் உலகம் முழுக்கக் கண் அனுப்புகிறது. இரவல் கண்ணா என்று முகம் சுழிக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கடலா? வைத்தியர் சரி என்னும் வரை இல்லை. ஒரு மாதத்துக்குக் குறையாமல் கணக்கு வையுங்கள். உப்புத் தண்ணீர் மட்டும் பிரச்சினை இல்லை. என்ஜினைத் தூக்குவது, வள்ளத்தைக் கரைக்கு இழுப்பது, மூச்சைப் பிடித்துக்கொண்டு வலை இழுப்பது எல்லாமே கண்ணுக்குப் பாரம். பிறகு தொழிலுக்குப் போகலாம். ஆனால் சுழியோடுகிற பழக்கம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். கண்ணை இறுக்கிப் பிடிக்கும் நீச்சல் கண்ணாடியே பிறஷரைக் கூட்டும்.

குழாயும் சரிவராவிட்டால், நீர் ஊறுகிற இடத்தையே லேசரால் கொஞ்சம் சுட்டு ஊற்றைக் குறைக்கிற வழி ஒன்று இருக்கிறது. இப்போது அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து ஒரு மகன்:

“உம்மா இரண்டு சொட்டு மருந்து விடுகிறார். நோன்பு வருகிறது. பகலில் மருந்து விட மாட்டேன் என்கிறார். ஒரு மாதம் நிறுத்தினால் என்ன?”

நிறுத்தக் கூடாது. ஒரு மாதம் நீர் கட்டி நின்றால் அந்த மாதம் செத்த நரம்பு பெருநாளைக்குத் திரும்பி வராது. சொட்டு விட்டால் நோன்பு முறியுமா என்பதை உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை. நேரத்தை மட்டும் நான் சொல்கிறேன். உம்மாவின் மருந்தில் ஒன்று இரவில் ஒரு முறை விடுவது, அதற்குப் பிரச்சினையே இல்லை. காலை மாலை விடுகிற மற்றதை ஸஹருக்கு ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று என்று வைக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். பெரும்பாலும் ஓம் என்பார்கள். இரண்டு மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அமத்தச் சொல்லுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்காது, கண்ணிலேயே நிற்கும்.

உம்மாவுக்கு முட்டு வருத்தம் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வைத்தியருக்குத் தெரியுமா என்று பாருங்கள். டிமொலோல் என்கிற சொட்டு மூச்சு முட்டலைக் கூட்டும், இதயத் துடிப்பையும் மெதுவாக்கும். கண் மருந்துதானே என்று பலர் முட்டு வருத்தத்தைப் பற்றிக் கண் கிளினிக்கில் சொல்வதே இல்லை.

சொட்டு இல்லாமல் இருக்க வழியே இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். வடிகால் திறந்திருக்கிற வகைக் குளோக்கோமா என்றால் அந்தச் சல்லடையில் அடிக்கிற ஒரு லேசர் உண்டு. 2019 இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் நாலில் மூன்று பங்குபேர் மூன்று வருடம் சொட்டு இல்லாமலே சமாளித்தார்கள். காலப்போக்கில் அதன் பலன் குறையும், திரும்பச் செய்யலாம். உம்மாவுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். இப்போது பாலம் இருக்கிறது, கிளினிக்குக்கு வருவது பெரிய காரியமில்லை. 2009க்கு முன் பாதை என்கிற படகில்தான் கடக்க வேண்டும், “பாதை பிந்திப்போட்டுது மிஸி” என்று கிண்ணியா ஆட்கள் கிளினிக் முடிகிற நேரத்துக்கு ஓடிவருவார்கள்.

உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை:

“எனக்கு 44 வயது. இரவில் லைற்றைப் பார்த்தால் வானவில் வளையம் தெரிகிறது, அந்தப் பக்கம் தலையிடி. கண்ணின் கோணம் ஒடுக்கம், லேசரால் துளை போட வேண்டும் என்றார்கள். கண்ணில் துளையா என்று பயமாக இருக்கிறது. தள்ளிப்போடலாமா?”

ரீச்சர், இந்த முறை வந்த கடிதங்களில் தள்ளிப்போடவே கூடாதது உங்களுடையதுதான். உங்களுக்கு வடிகால் அடைபடவில்லை. அதன் வாசல் ஒடுங்கியிருக்கிறது. இருட்டில் கண்மணி விரியும்போது கருவிழித் திரை மடங்கி அந்த வாசலை மூடப் பார்க்கிறது. அதுதான் வளையமும் தலையிடியும். ஒருநாள் முழுதாக மூடிக்கொண்டால் தாங்க முடியாத வலி, வாந்தி, கண் சிவப்பு. வாந்தியைக் கண்டு வயிற்றுக் கோளாறு என்று மருந்து குடித்து ஒரு நாளைக் கடத்தினவர்களை நான் வாட்டில் பார்த்திருக்கிறேன். அதற்குள் பார்வை போய்விட்டிருந்தது.

துளை என்பது திரையின் ஓரத்தில், மேல் இமை மறைக்கும் இடத்தில் ஒரு பொட்டு. மரத்துப்போக மருந்து விட்டு, நாடியைக் கருவியின் தாங்கியில் வைத்து உட்கார வைத்து, சில நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். சுண்டினாற்போல் ஒரு குத்து இருக்கும். அன்று மங்கலாக இருக்கும், யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள். வயது கூடி, லென்ஸும் தடித்து, பிறஷரும் ஏறியிருப்பவர்களுக்கு லென்ஸையே மாற்றுவது நல்லது என்று வைத்தியர்கள் சொல்வதுண்டு. உங்களுக்கு இப்போதைக்கு லேசர்தான். நானும் உங்கள் ஊரில்தான் இருக்கிறேன். இன்னும் பயம் என்றால் வீட்டுக்கு வாருங்கள், தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சேர்ந்தே போவோம்.

சாம்பல்தீவிலிருந்து ஓர் ஐயா:

“கன்னியா வெந்நீரால் தினமும் கண்ணைக் கழுவி, பொன்னாங்காணி சாப்பிட்டால் குளோக்கோமா மாறும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?”

பொன்னாங்காணி நல்ல கீரை ஐயா, சுண்டிச் சாப்பிடுங்கள். பிறஷர் அதனால் இறங்காது. கன்னியாவில் ஏழு கிணற்றிலும் குளிக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு. ஒப்பரேஷன் செய்த கண் என்றால் தலையில் ஊற்றாமல் தோளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.